நாலு விரல் மண்வெட்டி

எங்கள் வீட்டுக் குசினியின் பின்சுவரில் ஒரு மண்வெட்டி தொங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அது மண்வெட்டி என்று சொன்னால்தான் விளங்கும். இலை நாலு விரல் அகலம். நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. மூலைகள் இரண்டும் மழுங்கி, வாய் நாக்குப்போல வளைந்திருக்கிறது. பிடி மட்டும் குறையவில்லை. விண்ணாங்குக் கம்பு, நிலத்தில் ஊன்றினால் என் நெஞ்சுக்கு வரும். கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசினாற்போல மினுங்கும். என் மூத்தாப்பா இதை 'எலி மண்வெட்டி' என்பார். சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் வெள்ளாமை செய்த வீடுகளில் அநேகமாக இப்படி ஒன்று இருந்தது. இன்று அந்தத் தெருவில் இதுதான் மிச்சம்.

வரம்பில் எலிப்பொறி வைப்பதற்கென்றே இருந்த கருவி இது. பொறி வைக்க ஒரு தனி மண்வெட்டி எதற்கு என்று கேட்டால், வட்டை என்கிற வயல்வெளிக்குள் ஒரு போகமாவது நின்றவர்களிடம்தான் பதில் கிடைக்கும். கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கிற கரைவாகு வட்டையில் ஒருவர் வயலையும் இன்னொருவர் வயலையும் பிரிப்பது ஒரு முழ வரம்புதான். மேல் வயல் தண்ணீர் அந்த வரம்பை நம்பி நிற்கிறது. அகழான் எலி வளை தோண்டுவதும் அதே வரம்பில்தான். அகலமான மண்வெட்டியால் வளை வாயைக் கொத்தினால், பொறி வைக்க இடம் கிடைக்கும். வரம்பும் கூடவே போய்விடும். இரவோடு இரவாகத் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கும். போட்ட பசளையும் அதோடு இறங்கும். விடிந்ததும் வட்டை விதானையைக் கூட்டிவர வேண்டியிருக்கும். எலி தின்றதைவிட எலி பிடிக்கப் போனவன் அழித்தது அதிகம் என்று வட்டையில் நடந்த சண்டைகளைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். எலி நுழையும் அகலத்துக்கு மேல் ஒரு விரலும் வெட்டக்கூடாது. அதனால்தான் நாலு விரல்.

எங்கள் வட்டையில் வரம்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே இனம். அகழான் என்கிறோம், விலங்கியலில் பெண்டிகோட்டா பெங்காலென்சிஸ். தோண்டிய மண்ணை வாயிலில் குவித்து வைக்கும். உள்ளேயிருந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வளைக்குள் நெற்கதிரைச் சேர்க்கும். ஒரு வாசலில் ஆள் நின்றால் இன்னொரு வாசலால் போய்விடும். குட்டி ஈன மூன்று கிழமைக்குக் கொஞ்சம் மேலே போதும். பயிர் குடலை கட்டத் தொடங்கினால் அதற்கும் பெருக்கம் தொடங்கிவிடும். ஆகவே பொறிக்கான காலம் முன்னாலேயே, நாற்று வேர் பிடித்த கிழமைகளில். பெரும்போகம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவே.

மூத்தாப்பா அசர் தொழுதுவிட்டுத்தான் வரம்பில் இறங்குவார். முதல் நாள் பொறியே கொண்டுபோக மாட்டார். எலி மண்வெட்டி மட்டும் தோளில் கிடக்கும். கண்ணில் படுகிற வளை வாய் ஒவ்வொன்றையும் ஈர மண்ணால் அடைத்து, இலையின் முதுகால் ஒரு தட்டுத் தட்டி மூடிக்கொண்டே போவார். மறுநாள் சுபஹுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் எட்டு வாயில் மூன்றோ நாலோ திறந்திருக்கும். ஆள் இருக்கிற வீடு அதுதான். மற்றவை வெறும் வளை, அங்கே பொறி வைப்பது வீண். திறந்த வாய்க்கு முன்னால் பொறியின் அடி மட்டமாக உட்கார ஒரு சின்னப் படி செதுக்குவார். மேலே பிடித்து, மணிக்கட்டால் மெல்ல இழுத்து, ஒரு தடவைக்கு விரற்கடை மண்தான் எடுப்பார். செதுக்கிய மண்ணை வீசமாட்டார். பொறியைச் சுற்றி அதையே தூவி, கையில் சேற்றைப் பூசிக்கொண்டுதான் இரும்பைத் தொடுவார். புது வாசனை, புதுப் பொருள் எதைக் கண்டாலும் எலி இரண்டு மூன்று நாள் கிட்ட வராது. அதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

பிடி ஏன் முழு நீளம் என்பதையும் சொல்ல வேண்டும். எலி வளைக்குள் எலி மட்டும் இருப்பதில்லை. நாகமும் புடையனும் அதற்குள்தான் படுக்கும். குனிந்து கையால் மண்ணை வாரிய ஒருவரைப் புடையன் தீண்டிய கதை ஒவ்வொரு வட்டையிலும் உண்டு. இன்னொரு காரணம் அந்தக் காலத்தில் பெயர் சொல்லி அறியப்படாதது: எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேறு காலிலும் கையிலும் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போகிற நோய். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அது கண்டது. இப்போது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விவசாயிகளுக்குத் தடுப்பாக டொக்சிசைக்ளின் குளிசை கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிக்க வேண்டும். குளிசை குடிப்பவரும் கையை வளையிலிருந்து தூரத்தில் வைப்பதே நல்லது. நெஞ்சளவுப் பிடி அதைத்தான் செய்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எலி மண்வெட்டியை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. கடையில் அப்படி ஒரு சாமானே இருக்கவில்லை. முழு மண்வெட்டி தன் ஆயுளில் கடைசியாக எடுத்த உருவம் அது.

அப்போது வீட்டுக்கு வருகிற மண்வெட்டி முதலை மார்க். இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்டன் என்ற ஊரில் சில்லிங்டன் கம்பனி அடித்து அனுப்பியது. இலையில் முதலை உருவம் பொறித்திருக்கும். அது முதலில் வரம்பு கட்டவும் வாய்க்கால் வெட்டவும் போகும். நாலைந்து வருடத்தில் மூலை தேய்ந்து நீளம் குறைந்ததும் களை கொத்தவும், வாழைக்கு அணை கட்டவும் வளவுக்கு வந்துவிடும். அங்கேயும் தேய்ந்து கையகலமாகும்போது கம்மாலைக்குப் போகும். கொல்லன் பக்கங்களைக் கத்தரித்து, வாயை மறுபடி தட்டி, பதம் வைத்துக் கொடுப்பான். எலி மண்வெட்டி பிறப்பது அப்போதுதான். வெட்டி எடுத்த பக்கத் துண்டுகளும் வீண்போகாது. ஒன்று தேங்காய் துருவும் அலகாகும். இன்னொன்று தென்னோலை கிழிக்கிற சின்னக் கத்தியாகும். ஒரே இரும்பு ஒரு வீட்டில் இருபது வருடம் வேலை செய்தது.

எங்கள் கம்மாலை காரைதீவுப் பக்கம் இருந்தது. மாளிகைக்காட்டைத் தாண்டி நடந்துபோவோம். கொல்லர் தமிழர். மூத்தாப்பாவைவிட இளையவர். இவர் அவரைத் 'தம்பி' என்பார், அவர் இவரைக் 'காக்கா' என்பார். கூலி காசாகக் கொடுத்ததை நான் கண்டதில்லை. சூடடித்து முடிந்ததும் களவெட்டியிலிருந்து அவர் பங்கு நெல் வண்டியில் போகும்.

ஒரு தடவை மூத்தாப்பா மண்வெட்டியை நீட்டியதும், கொல்லர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெருவிரலால் வாயைத் தடவினார். பிறகு திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்.

"காக்கா, இது இன்னும் ரெண்டு போகம் தாங்கும். இப்ப வெட்டினா இரும்பு பாவம்."

"எலி வந்திட்டு தம்பி. வரம்பெல்லாம் சல்லடை."

"அப்ப அங்கால கிடக்கிற என்ட பழசக் கொண்டு போங்க. இதக் களைக்கு வெச்சிருங்க."

வேலையே வேண்டாம் என்று அனுப்பிய அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தன் கூலியைவிட இரும்பின் ஆயுளைப் பெரிதாக நினைத்தவர்.

இன்னொரு நாள் அவர் பதம் வைப்பதைக் குந்தியிருந்து பார்த்தேன். உலையில் செம்பழமாக்கிய வாயை மட்டும் தண்ணீரில் முக்கினார். சீறல் அடங்கியதும் வெளியே எடுத்து, ஒரு கல்லால் கரியைத் தேய்த்து, இரும்பின் வெள்ளையைக் காட்டினார். பிடி செருகும் காதுப் பக்கம் மிஞ்சியிருந்த சூடு மெல்ல மெல்ல வாய்க்கு இறங்கிவர, அந்த வெள்ளை நிறம் மாறத் தொடங்கியது. முதலில் மங்கிய மஞ்சள். "பாருங்க மனே, வைக்கோல் நிறம் வருது" என்றார். அது வாயைத் தொட்ட கணத்தில் முழு இலையும் தண்ணீருக்குள் போனது. ஒரு மூச்சுப் பிந்தினால் நிறம் ஊதாவாகி நீலமாகிவிடும். நீலம் கண்ட வாய் மெத்தென்று போய், கல் பட்டால் மடங்கும். வைக்கோல் நிறத்துக்கு முன்னாலேயே ஆற்றிவிட்டால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். வயலில் இருக்கிற நிறத்தையே உலையிலும் அவர் தேடியது அப்போது எனக்கு அதிசயமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

மண்வெட்டி கிடைக்காத காலமும் உண்டு. 1970க்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது முதலை மார்க் அரிதாயிற்று. யக்கலையில் அரசாங்க ஹாட்வெயார் கூட்டுத்தாபனம் செய்த மண்வெட்டிகள் சங்கக் கடைக்கு வரும். அதுவும் போதாமல் கம்மாலையில் லொறி வில்லுத் தகட்டைத் தட்டி மண்வெட்டி செய்தார்கள். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டியபோது வந்து ஓய்ந்த பெரிய இயந்திரங்களின் இரும்பும் தன் உலைக்கு வந்திருக்கிறது என்று கொல்லர் பெருமையாகச் சொல்வார். பட்டிப்பளை ஆற்றுத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வாய்க்காலாக வந்த அதே திட்டத்தின் இரும்பு, அந்த வயலின் வரம்பில் எலிக்குக் குழி செதுக்கியது.

வில்லுத் தகட்டு மண்வெட்டி கனம் கூடியது. எலிப் பொறிக்கு அது தோதுப்படாது என்று மூத்தாப்பா ஒதுக்கிவிட்டார். கனம் கூடினால் கை தானாகவே ஆழமாக இறங்கிவிடுமாம்.

பொறி என்றவுடன் எல்லோருக்கும் பன்றிதான் நினைவுக்கு வரும். நாங்கள் தொடாத மிருகம், ஆனால் எங்கள் வயலைத் தொடாமல் விடாத மிருகம். காட்டோரத்து வட்டைகளில் படுகுழி தோண்டிக் கிளை பரப்பி வைத்தவர்கள் இருந்தார்கள், கம்பிக் கண்ணி வைத்தவர்களும் இருந்தார்கள். மூத்தாப்பா இரண்டுக்கும் தன் மண்வெட்டியை இரவல் கொடுக்கவில்லை. "குழி யாரெண்டு பாக்காது" என்பார். மேயப்போன மாடு விழும், விறகுக்குப் போன பொடியன் விழுவான். பரணில் ஆளைப் போட்டுக் காவல் காப்பதோடு அவர் நின்றுகொண்டார். இன்று குழி தோண்டுகிற சிரமம்கூட இல்லை. தீனுக்குள் வெடிமருந்து வைக்கிற வாய்வெடி வந்துவிட்டது. பன்றிக்கு வைத்ததைக் கடித்த யானைக் குட்டிகள் வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் நின்று சாகின்றன. கட்டுத்துவக்கும் வேலிக்கு நேரே இழுக்கிற மின்சாரக் கம்பியும் அந்த வகைதான். வெள்ளாமைக்காரனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் இது பாவம். எலியைக் கொல்ல மார்க்கத்தில் தடை இல்லை, ஆனால் நெருப்பால் வேதனை செய்வதற்குத் தடை உண்டு. அந்தக் காரணத்துக்காகவே வளை வாயில் வைக்கோல் கொளுத்த விடமாட்டார் மூத்தாப்பா. கழுத்தில் விழுந்து ஒரே அடியில் முடிக்கிற பொறிதான் வைப்பார். வீட்டுக்குள் எலிக்கு வைக்கும் பசை மட்டை இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அதில் ஒட்டிக்கொண்டு விடிய விடியக் கத்துகிற உயிரை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கம்மாலைக்குப் போகும் பாதை எங்களுக்கு அடைபட்டது. 1985 ஏப்ரலில் காரைதீவில் நடந்த வன்செயல் முதல் கீறல். 1990இல் கிழக்கு முழுவதும் இரத்தம் ஓடியது. தமிழர் பக்கமும் முஸ்லிம்கள் பக்கமும் மையித்துகளை எண்ணிய வருடம் அது. ஒரு மைல் தூரத்துக் கம்மாலை வேறு நாடாகிப் போயிற்று. தேய்ந்த மண்வெட்டிகள் வளவில் குவிந்தன, கத்தரிக்க ஆளில்லை. வயலுக்கே போக முடியாத போகங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் பொறியின் இடத்தை மருந்து பிடித்துக்கொண்டது. சிங்க் பொஸ்பைட் கலந்த கறுத்த இரை. எங்கள் பக்கத்தில் அது எலிப்பாஷாணம். வரம்பில் தூவிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடலாம். பயத்தோடு வெள்ளாமை செய்த காலத்துக்கு அது வாய்ப்பாக இருந்தது. வாப்பாவை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எலி மட்டும் சாகவில்லை. கோழி செத்தது. செத்த எலியைத் தின்ற நாயும் பூனையும் செத்தன. தின்று உயிர் தப்பிய எலி அந்த இரையை மறுபடி தொடவில்லை. எலி பிடிக்கத் தெரிந்த கை ஒரு தலைமுறையோடு நின்றுபோயிற்று. போர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட கணக்கில் இதை யாரும் எழுதியதில்லை, சின்ன விஷயம் என்பதால்.

2004 டிசம்பர் 26, சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இலங்கையில் அதிகமான உயிர் போன மாவட்டம் எங்களுடையது. கடற்கரையிலிருந்த எங்கள் வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சவில்லை. எலி மண்வெட்டி அன்று வயல் வாடியின் கூரைக்குள் செருகியிருந்தது. அதனால்தான் இன்று சுவரில் இருக்கிறது. அதற்குப் பிறகு நிவாரணமாகக் கருவிகள் வந்தன. மண்வெட்டி, அலவாங்கு, தள்ளுவண்டி. கொடுத்த கைகளுக்கு நன்றி சொல்கிறேன். அன்று அவை இல்லாவிட்டால் முற்றத்து மணலைக்கூட அள்ளியிருக்க முடியாது. ஆனால் அந்த மண்வெட்டி முற்றிலும் வேறு சாதி. ஒரே கனத்துத் தகட்டை அச்சில் வெட்டி, காதைத் தனியே வைத்து ஒட்டியது. தேய்ந்து சிறுக்கவில்லை. வாய் மடங்கியது, ஒட்டு விட்டது, காது ஒரு பக்கம் இலை ஒரு பக்கமாக ஆனது. எறிந்தோம். அப்போதுதான் எனக்கு விளங்கியது: தேயும் இரும்புக்குத்தான் இரண்டாவது ஆயுள் உண்டு. உடையும் இரும்பில் எலி மண்வெட்டி பிறக்காது.

அந்த மீள்கட்டுமானத்தால் ஒரு நன்மையும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஊரெங்கும் வீடு கட்டியதில் கம்பித் துண்டுகள் கிடந்தன. பொறியைக் கட்டி நிறுத்த முன்பு மர முளை அடிப்போம். ஈரத்தில் உளுத்துப் போகும். நரியோ கீரியோ இழுத்தால் முளையோடு பொறி போய்விடும். இப்போது பத்து மில்லிமீற்றர் கம்பியில் ஒரு முழத் துண்டு, ஒரு நுனியைக் கிரைண்டரில் கூராக்கி, மறுநுனியை வளையமாக வளைத்தால் போதும். சேற்றில் நாலு அடியில் இறங்கும், பத்து வருடம் இருக்கும். மூத்தாப்பா காலத்து முளையைவிட இது எத்தனையோ மடங்கு மேல்.

2021இல் இரசாயனப் பசளையும் மருந்தும் இறக்குமதி செய்யத் தடை வந்தது. தடை அந்த வருடக் கடைசியில் தளர்ந்தது, ஆனால் 2022இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐ எட்டியது. எலி மருந்து கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. வட்டையில் ஆட்கள் மீண்டும் பொறியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கமநல சேவை நிலையத்துக் கூட்டமொன்றில் ஒரு பொடியன் என்னிடம் கேட்டான்: "சேர், பொறி கிடைக்குது. அத வைக்க மண்ண எதால வெட்டுற?" அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

கல்முனையில் ஹாட்வெயார் கடைகளுக்குக் குறைவில்லை. பிரதான வீதியில் ஒரு கடைக்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். கொழுவியில் பத்துப் பன்னிரண்டு மண்வெட்டி தொங்கியது. பச்சை, நீலம், கறுப்பு. கீழே பிளாஸ்டிக் பிடி போட்ட பூந்தோட்டக் கரண்டிகள். கடைப் பொடியன் அன்பாகத்தான் எடுத்துப் போட்டான்.

"காக்கா, எலிக்கெண்டா இந்தக் கரண்டி போதும். விலையும் குறைவு."

விலை குறைவுதான். பிடி ஒரு சாண். அதைக் கொண்டு வளையில் கொத்த வேண்டுமென்றால் முகத்தை வளைக்கு நேரே கொண்டுபோக வேண்டும். புடையனுக்கு அது அழைப்பு. மேசன் கரண்டி பரவாயில்லை. இரும்பு நல்லது, பொறியைச் சுற்றி மண் பரப்பத் தோதானது. ஆனால் குறை அதே குறை. கையுறை போட்டுக்கொண்டு கடைசி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மண்வெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். மூத்தாப்பா செய்ததை நானும் செய்தேன். விரலில் தொங்கவிட்டு வீட்டுத் திறப்பால் தட்டினால், நல்ல இரும்பு மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். ஒட்டு சரியில்லாதது 'டக்' என்று செத்துப்போகும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இலையைப் பிடித்து, காதிலிருந்து வாய்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். அடித்துச் செய்ததென்றால் காதருகில் தடித்து வாயருகில் மெலியும். தகட்டில் வெட்டியது ஆதி முதல் அந்தம் வரை ஒரே கனம். பையில் ஒரு சின்ன அரம் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரரைக் கேட்டுவிட்டு வாயோரத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். பதம் வைத்த இரும்பில் அரம் வழுக்கும், பதமில்லாததைச் சவர்க்காரம் மாதிரிச் சுரண்டும். நிறப்பூச்சு எதையும் மறைக்கும், இந்த மூன்றையும் மறைக்காது. பன்னிரண்டில் இரண்டு தேறின. இரண்டும் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு விலை.

மச்சான் முழங்கையால் இடித்தார். "எலிக்கு இவ்வளவு காசா?"

"எலிக்கு இல்ல மச்சான். இது வரம்பு கட்ட. எலிக்கு நம்மட பழச வெட்டுவம்."

வயல் வாடியில் 1980களில் வாங்கிய முதலை மார்க் ஒன்று உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து கிடந்தது. வாங்கிய புதியது அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. பழசுக்கு மூன்றாவது ஆயுள். அந்த வகையில் எலி மண்வெட்டிக்கு ஆன செலவு வெட்டுக் கூலி மட்டும்தான். கையில் பழசே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: பழைய இரும்புக் கடைக்குப் போய்த் தேய்ந்த மண்வெட்டி கேளுங்கள். நிறுத்துக் கொடுப்பார்கள். காதும் இலையும் ஒரே இரும்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காசு கொஞ்சமென்றால் மட்டமான புதியதைவிட நல்ல பழையது மேல்.

தமிழ்நாட்டு இருளர் கதையையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். வயலெலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். மண்பானைக்குள் புகை மூட்டி, வாயால் வளைக்குள் ஊதுவார்கள். புகை எலிக்குப் போன அளவுக்கு அவர்கள் நெஞ்சுக்கும் போனது. 2003இல் உலக வங்கியின் போட்டியொன்றில் நிதி பெற்று, கையால் சுற்றி ஊதுகிற எஃகுக் கருவி அவர்களுக்காகச் செய்யப்பட்டது. எங்கள் வட்டைக்கு அப்படி யாரும் வரவில்லை, எங்கள் கருவியை நாங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

கம்மாலை இல்லாத ஊரில் யார் வெட்டுவது? சம்மாந்துறையில் ஒரு வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பையன் கெட்டிக்காரன். கிரைண்டரைப் போட்டதும் ஒரே இழுப்பில் பாதித் தூரம் போய்விட்டான். வெட்டிய ஓரத்தில் நீலம் ஏறிவிட்டது. கொல்லரின் குரல் காதில் கேட்டதுபோல இருந்தது.

"நிப்பாட்டுங்க தம்பி. நீலம் வந்தா பதம் போயிரும். கொஞ்சம் வெட்டித் தண்ணியில வைங்க, திரும்ப வெட்டுங்க."

அவன் முகம் சுளிக்கவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, விரற்கடை விரற்கடையாக வெட்டினான். நீலம் கண்ட ஓரத்தை அரத்தால் தேய்த்து எடுத்தோம். வாயைக் கிரைண்டருக்குக் கொடுக்கவில்லை, கல்லில் நானே தீட்டினேன். அரை மணி வேலைக்கு ஒன்றரை மணி பிடித்தது. "இத யாரு உங்களுக்குச் சொல்லித் தந்த?" என்று கேட்டான். காரைதீவுக் கொல்லரைப் பற்றிச் சொன்னேன். அவர் உயிரோடு இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். அடுத்து வருகிற ஆளுக்கும் வாளியோடுதான் வெட்டுவேன் என்றான் அவன்.

பிடிக்கு விண்ணாங்கு தேடி அலைந்து, கடைசியில் மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு மரவேலைக்காரரிடம் ஒரு கம்பு கிடைத்தது. இரும்புக் குழாயை ஒட்டித்தருகிறேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். குழாய் உடையாது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கொத்தும் முழங்கைக்கு ஏறும். ஐம்பது வயதுக்கு மேல் அது ஆகாது.

போன பெரும்போகத்தில் கூட்டமொன்று போட்டு, எங்கள் வயல் கண்டத்தில் எட்டுப் பேர் ஒரே நாளில் வளை அடைத்தோம். ஒருவன் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி குடிவரும். சேர்ந்து செய்தால்தான் பலன். புது வரம்புகளை ஓரடிக்கு மேல் அகலமாக்குவதில்லை என்றும் முடிவெடுத்தோம். அகலம் குறைந்தால் அகழான் வீடு கட்ட இடம் போதாது. என் பங்கு வரம்பில் பதினொரு வாய் அடைத்தேன். மறுநாள் நாலு திறந்திருந்தது. கேள்வி கேட்ட பொடியனும் வந்திருந்தான். மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தேன். முதல் கொத்து ஆழமாகப் போனது. பிடியை மேலே பிடித்து மணிக்கட்டால் இழுக்கச் சொன்னேன். மூன்றாவது வளையில் அவனுக்குக் கை படிந்துவிட்டது. நாலாவதில் நான் வாயே திறக்கவில்லை.

கீழ் வயல் பாண்டிருப்புக்காரர் ஒருவருடையது. விடியப்புறம் தண்ணீர் பார்க்க வந்தவர், எங்கள் பொறியில் கிடந்த மூன்று எலியையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வரம்பில் ஏறி, நாங்கள் செதுக்கிய இடத்தில் குதிக்காலை வைத்து அழுத்தினார். ஒரு நிமிடம் நின்றார். கசிவு இல்லை.

"யாரு தம்பி வெட்டின?" என்றார்.

பொடியன் கையைத் தூக்கினான். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாய்க்காலுக்குப் போனார்.